வரைபடத்தில் ஒரு வீடு, மனையில் வேறொரு வீடு: சென்னையில் கட்டட அனுமதி நடக்கும் விதம்

சென்னையில் வீடு கட்டத் தொடங்கும் ஒருவரிடம் ‘ப்ளான் அப்ரூவல் ஆச்சா?’ என்று கேட்டால், ‘அதெல்லாம் இன்ஜினீயர் பார்த்துக்கறார்’ என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். கடக்கால் தோண்ட நல்ல நாள் பார்த்தவர், கம்பி விலையைத் தினமும் விசாரிப்பவர், ஜல்லி லோடு வந்து இறங்கும்போது பக்கத்தில் நின்று கணக்கெடுப்பவர், தன் பெயரில் மாநகராட்சிக்குப் போகும் வரைபடத்தை மட்டும் ஒருமுறைகூட விரித்துப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அதில் உரிமையாளர் என்று கையெழுத்துப் போடுவது அவர்தான். நாளைக்கு நோட்டீஸ் வந்தாலும் அவர் பெயருக்குத்தான் வரும்.

கட்டட அனுமதியில் மக்கள் படும் பாட்டில் பெரும்பகுதி ஒரே இடத்தில்தான் பிறக்கிறது. தாளில் இருப்பது ஒன்று, தரையில் இருப்பது வேறொன்று. பத்திரத்தில் ஓர் அளவு, மனையில் வேறு அளவு. அனுமதி வாங்கிய வரைபடத்தில் ஒரு வீடு, எழும்பி நிற்பது வேறொரு வீடு. இந்த இடைவெளி எங்கெல்லாம் விழுகிறது, விழுந்தால் என்ன ஆகிறது என்று தெரிந்துகொண்டால் விதிகளைப் புரிந்துகொள்வது பெரிய வேலையில்லை.

முதலில் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம். நாம் ‘அப்ரூவல்’ என்று ஒரே சொல்லில் சொல்வது சட்டப்படி இரண்டு அனுமதிகள். ஒன்று திட்ட அனுமதி. இந்த இடத்தில், இந்தப் பயன்பாட்டுக்கு, இவ்வளவு பெரிய கட்டடம் வரலாமா என்பதை அது முடிவு செய்கிறது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் அதற்கு அடிப்படை. மற்றொன்று கட்டட அனுமதி. அதை உள்ளாட்சி அமைப்பு தருகிறது. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998இலேயே நிறைவேறியது. ஆனால் நீண்ட காலம் நிறுத்திவைக்கப்பட்டு 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை சென்னைக்கு 1919ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சாதாரண வீட்டுக்கு இந்த இரண்டுக்கும் தனித்தனியாக அலைய வேண்டாம். 10,000 சதுர அடிக்குள், 8 குடியிருப்புகளுக்குள் இருக்கும் வீடுகளுக்கும், 2,000 சதுர அடிக்குள் இருக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் திட்ட அனுமதி தரும் அதிகாரம் உள்ளாட்சிக்கே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டினால் சென்னையில் சி.எம்.டி.ஏ. என்கிற பெருநகர வளர்ச்சிக் குழுமம், மற்ற மாவட்டங்களில் டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம். அங்கே திட்ட அனுமதி வாங்கிய பிறகு மறுபடியும் உள்ளாட்சிக்கு வந்து கட்டட அனுமதி வாங்க வேண்டும். நகரத்தின் ஓரத்தில் மனை வாங்குகிறவர்கள், தங்கள் கிராமம் எந்த அலுவலகத்தின் அதிகாரத்தில் வருகிறது என்பதை முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து 2022 அக்டோபரில் அரசு அறிவித்தது. காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கத்து ஊர்கள் வரை அந்த எல்லை போகிறது.

விதிகளைப் பொறுத்தவரை இப்போது மாநிலம் முழுவதற்கும் ஒரே தொகுப்புதான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 பிப்ரவரி 4 அன்று அரசாணையாக வந்தன. அதற்கு முன் சென்னைக்கு ஒன்று, நகராட்சிகளுக்கு ஒன்று, ஊராட்சிகளுக்கு ஒன்று என்று விதிகள் சிதறிக் கிடந்தன. ஒரே தொகுப்பு வந்தது உண்மையிலேயே நல்ல மாற்றம். ஆனால் அதன்பின் பலமுறை திருத்தம் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வருடத்துக்கு முன்னால் கட்டியபோது சொன்ன விதியை வைத்து இன்றைக்குத் திட்டம் போடக்கூடாது.

மனை வாங்கும் நாளிலேயே பாதி முடிவாகிவிடுகிறது

விண்ணப்பத்தில் சிக்கல் வந்தால் எல்லோரும் அலுவலகத்தைத் திட்டுவார்கள். திட்டுவதற்குக் காரணங்களும் இருக்கின்றன. ஆனால் நிராகரிக்கப்படும் கோப்புகளில் பலவற்றின் விதி, மனையை வாங்கிய அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி: மனை அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் வரன்முறை செய்யப்பட்டதா? வயல்களைக் கூறுபோட்டு, ரோடு என்று சுண்ணாம்புக் கோடு கிழித்து, மனைகளாக விற்ற காலம் தமிழ்நாட்டில் வெகுநாள் நடந்தது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்த பிறகுதான் பலருக்குத் தங்கள் மனையின் நிலையே தெரியவந்தது. 2017 மே மாதம் வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ள வழி திறந்தன. அந்த ஆணை எண் கையில் இல்லாத மனையில் வீட்டுக்கு அனுமதி கேட்டால், அதைக் கொண்டு வாருங்கள் என்பதுதான் முதல் பதிலாக இருக்கும்.

இரண்டாவது கேள்வி நில வகைப்பாடு. சென்னைக்கு 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வகை கொடுத்திருக்கிறது: குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், விவசாயம் என்று. விவசாய வகைப்பாட்டில் இருக்கும் இடத்தில் வீடு கட்ட நினைத்தால் முதலில் நில வகை மாற்றம் வேண்டும். அது தனிப் பயணம், மாதக்கணக்கில் இழுக்கும். பட்டாவில் ‘புஞ்சை’ என்றோ ‘மனை’ என்றோ இருப்பது வருவாய்த் துறையின் கணக்கு. முழுமைத் திட்டத்தின் வகைப்பாடு வேறு கணக்கு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாறுபவர்கள் ஏராளம்.

மூன்றாவது, யாரும் அதிகம் யோசிக்காதது: அளவு. பத்திரத்தில் 40க்கு 60 என்று எழுதியிருக்கும், ஆக மொத்தம் 2,400 சதுர அடி, ஒரு கிரவுண்டு. பட்டாவில் அதே மனை சதுர மீட்டரில் இருக்கும். நில அளவைப் புலப்படத்தில் எல்லைக் கோடு கொஞ்சம் சாய்ந்திருக்கும். நேரில் போய் டேப் பிடித்துப் பார்த்தால் முன்பக்கம் 39 அடி, பின்பக்கம் 38 அடி என்று நிற்கும். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் ஒரு அடி உள்ளே வந்திருக்கும். இதில் எந்த அளவை வைத்து வரைபடம் போடுவது? பத்திரம், பட்டா, தரை இந்த மூன்றில் எது குறைவோ அதை வைத்துப் போடுவதுதான் பாதுகாப்பு. ‘பத்திரத்தில் இருப்பதையே போட்டுடுங்க சார்’ என்று சொல்கிற நிமிடத்தில் தாளுக்கும் தரைக்கும் நடுவே முதல் விரிசல் விழுகிறது. அந்த ஒரு அடி, பிற்பாடு பக்கவாட்டு இடைவெளியில்தான் குறையும்.

தெருவின் அகலமும் இதே கதைதான். லேஅவுட்டில் 20 அடி ரோடு என்று இருக்கும். இரண்டு பக்கமும் வாசற்படி, சாய்தளம், திண்ணை என்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டதில் நடுவில் 15 அடிதான் மிஞ்சியிருக்கும். எவ்வளவு உயரம் கட்டலாம், எத்தனை வீடு போடலாம் என்பதெல்லாம் தெருவின் அகலத்தோடு கட்டப்பட்டவை. 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்கட்டடம். அதற்குக் குறைந்தது 12 மீட்டர் சாலையாவது முன்னால் இருக்க வேண்டும். சாலை விரிவாக்கத்துக்குக் குறித்துவைத்த இடம் மனைக்குள் வந்தால், அந்தப் பட்டையைத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகே அனுமதி. இதையெல்லாம் வாங்கும் முன் பார்த்தவர் விலையில் பேசிக் குறைத்திருப்பார். வாங்கிய பின் பார்ப்பவர் இன்ஜினீயரிடம் ‘ஏதாவது பண்ணுங்க’ என்று கேட்பார்.

ஊருக்கு ஊர் தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக்கூடாது. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னங்களைச் சுற்றி முதல் 100 மீட்டரில் புதுக் கட்டடத்துக்கே தடை. அதற்கப்பால் 200 மீட்டர் வரை தனி அனுமதி வேண்டும். மாமல்லபுரத்தில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கடலோரம், விமான நிலையச் சுற்றுவட்டாரம், நீலகிரி போன்ற மலைப்பகுதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தடையின்மைச் சான்று.

காலி விட வேண்டிய இடம்

இப்போது வரைபடத்துக்கு வருவோம். இரண்டு விதிகள்தான் உங்கள் வீட்டின் உருவத்தை முடிவு செய்கின்றன. ஒன்று தளப்பரப்புக் குறியீடு, எல்லோரும் சொல்வதுபோல் எஃப்.எஸ்.ஐ. மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைச் சொல்வது அது. மற்றொன்று செட்பேக், அதாவது நான்கு பக்கமும் விட வேண்டிய இடைவெளி.

உயரமல்லாத கட்டடங்களுக்கு எஃப்.எஸ்.ஐ. 2. 2019க்கு முன் பொதுவாக 1.5 ஆக இருந்தது. உயர்கட்டடங்களுக்கு 3.25 வரை போகிறது. ஒரு கிரவுண்டு மனையில் 2 என்றால் 4,800 சதுர அடி கட்டலாம். கேட்பதற்குத் தாராளமாக இருக்கிறது. ஆனால் செட்பேக்கைக் கழித்துப் பாருங்கள். குறுகலான தெருவில் முன்பக்கம் 1.5 மீட்டர், கிட்டத்தட்ட ஐந்து அடி. பெரிய சாலைகளில் இது கூடிக்கொண்டே போய் 30.5 மீட்டருக்கு மேற்பட்ட சாலையில் 6 மீட்டர் ஆகிறது. பக்கவாட்டிலும் பின்னாலும் விட வேண்டியது மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து மாறும். கணக்குக்காக நான்கு பக்கமும் ஐந்து அடி என்று வைத்துக்கொள்வோம். 40க்கு 60 மனையில் 30க்கு 50 மிஞ்சும். ஒரு தளத்துக்கு 1,500 சதுர அடி. தரைத்தளமும் இரண்டு மாடியும் போட்டாலும் 4,500தான் வரும். அதாவது உங்களைத் தடுத்து நிறுத்துவது எஃப்.எஸ்.ஐ. இல்லை, செட்பேக்.

அரை கிரவுண்டில் நெருக்கடி இன்னும் தெளிவாகத் தெரியும். 20க்கு 60 மனை. முன்னும் பின்னும் ஐந்து அடி, பக்கங்களில் ஒரு மீட்டர் வீதம் விட்டால், வீட்டின் அகலம் பதின்மூன்றரை அடிதான். பதின்மூன்றரை அடியில் ஹால், பெட்ரூம், மாடிப்படி எல்லாம் அடங்க வேண்டும். இந்த இடத்தில்தான் மனித ஆசை விதியோடு மோதுகிறது. பக்கத்தில் மூன்று அடி ‘வீணாகப் போகிறதே’ என்று தோன்றும். மேஸ்திரியும் ‘எல்லாரும் இழுத்துத்தான் கட்டறாங்க’ என்பார். வரைபடத்தில் மூன்றடி விட்டு, தரையில் ஒன்றரை அடி விட்டு, மாடியில் சன்ஷேடோடு சேர்த்து எல்லைச் சுவர் வரைக்கும் வெளியே தள்ளி முடிப்பார்கள்.

அந்த மூன்று அடி வீண் இல்லை. உங்கள் மூன்றடியும் பக்கத்து வீட்டின் மூன்றடியும் சேர்ந்தால் ஆறு அடிச் சந்து. வெளிச்சமும் காற்றும் இரண்டு வீட்டுக்குள்ளும் வருவது அதன் வழியாகத்தான். கழிவுநீர்க் குழாய் அடைத்தால் ஆள் போய்ப் பார்ப்பதும், மாடியில் தீப்பிடித்தால் ஏணி வைப்பதும், மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதும் அந்த இடத்தில்தான். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு ‘ம.நீ.சே. குழி’ என்று எழுதிவிடுவது சுலபம். சுற்றிலும் சிமென்ட் போட்டு மூடிய மனையில் அந்தக் குழிக்கு இடமே இருக்காது. விதியில் எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது இந்தக் காலியிடம்தான். நம் வீட்டை விடப் பக்கத்து வீட்டுக்கும் தெருவுக்கும் சேர்த்து நாம் கொடுக்கும் பங்கு அது.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். ஜார்ஜ் டவுன் போன்ற பழைய பகுதிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியே எழும்பியவை. அங்கே முற்றம்தான் வெளிச்சத்தையும் காற்றையும் கொண்டு வந்தது. இப்படிப்பட்ட இடங்களைத் தொடர் கட்டடப் பகுதி என்று குறித்து, பக்கவாட்டு இடைவெளியை விதி வற்புறுத்துவதில்லை.

கோப்பும் கட்டணமும்

ஆவணங்களின் பட்டியல் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டுச் சுருக்கம், புலப்படம், லேஅவுட் அல்லது வரன்முறை ஆணை, காலிமனை வரி ரசீது, பதிவு பெற்ற பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம். எல்லாம் இப்போது இணையத்தில் ஏற்றும் முறை. பெயரில் ஒரு எழுத்து, சர்வே எண்ணில் ஒரு உட்பிரிவு மாறினாலும் கோப்பு திரும்பி வரும். பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால் முதலில் பெயர் மாற்றத்தை முடித்துக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டு மற்றதை ஓட்டுவதில் பயனில்லை.

கட்டணத்தில் பரிசீலனைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், உள்கட்டமைப்பு வசதிக் கட்டணம் என்று பல தலைப்புகள் வரும். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்குப் போகிறது. வெயிலில் நின்று உங்கள் வீட்டைக் கட்டுகிறவரின் ஓய்வூதியத்துக்கும் விபத்து உதவிக்கும் போகும் பணம் அது.

ரசீது இல்லாமல் கைமாறும் பணமும் இந்தத் துறையில் உண்டு, எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: கோப்பில் ஓட்டை இருக்கும் இடத்தில்தான் அந்தப் பணத்துக்குப் பேரம் தொடங்குகிறது. அளவு பொருந்திய, ஆவணம் முழுமையான கோப்பை வைத்திருப்பவருக்கு ‘ஏன் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்?’ என்று எழுத்தில் கேட்கும் தைரியம் இருக்கும்.

பேரத்துக்கு வழியே இல்லாமல் செய்வதற்காகத்தான் 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. தொடக்கத்தில் வைத்த வரம்புப்படி, 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீடு என்றால், இணையத்தில் விவரங்களைப் பதிந்து, உறுதிமொழி கொடுத்து, கட்டணத்தைக் கட்டியதும் அனுமதி உடனே வந்துவிடும். முன்கூட்டியே யாரும் வந்து பார்ப்பதில்லை. பரிசீலனைக் கட்டணம் கிடையாது, கட்டி முடித்ததும் வாங்கும் முடிவுச் சான்றும் தேவையில்லை. மற்ற கட்டணங்கள் எல்லாம் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக வருகின்றன. தொடங்கியபோது சென்னை மாநகராட்சியில் அது சதுர அடிக்குச் சுமார் 100 ரூபாய்.

நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி. அதே சமயம் பொறுப்பு முழுவதும் இடம் மாறியிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். முன்பு பணி ஆய்வாளர் வந்து டேப் பிடித்துப் பார்த்து, தவறு இருந்தால் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவார். இப்போது ‘என் மனை இன்ன அளவு, நீர்நிலைப் புறம்போக்கு இல்லை, இவ்வளவு இடைவெளி விடுகிறேன்’ என்று சொல்வது நீங்கள். தவறென்றால் அது கட்டி முடித்த பிறகுதான் தெரியவரும். உடனே அனுமதி கிடைக்கிற முறையில், கடக்கால் தோண்டும் முன் மனையை ஒரு சர்வேயரை வைத்து அளந்துவிடுவது முன்பைவிட இப்போதுதான் அதிகம் தேவை.

விதிமீறலுக்கு ஒரு வரலாறு

‘கட்டி முடிச்சுட்டா அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்’ என்ற நம்பிக்கை சென்னையில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது தானாக வரவில்லை. 1998இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 1999 பிப்ரவரி 28க்கு முன் எழும்பிய விதிமீறல்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒழுங்குபடுத்தலாம் என்பது அதன் சாரம். ஒருமுறைதான் என்று சொல்லி வந்த திட்டம், திருத்தங்களால் மறுபடி மறுபடி நீட்டிக்கப்பட்டது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளைச் செல்லாது என்றது. மறு ஆண்டே விதிமீறிய கட்டடங்கள்மீது நடவடிக்கையைத் தள்ளிப்போட அவசரச் சட்டம் வந்தது. 2012இல் 113-சி வந்தது, 2007 ஜூலை 1க்கு முந்தைய கட்டடங்களுக்கு. ஒழுங்காக இடம் விட்டுக் கட்டியவர் இந்த வரலாற்றைப் பார்த்து என்ன நினைப்பார்? ஒவ்வொரு நீட்டிப்பும் ‘கொஞ்சம் பொறு, அடுத்த திட்டம் வரும்’ என்ற செய்தியைத்தான் மக்களுக்குச் சொன்னது. இதில் குற்றம் கட்டியவரிடம் மட்டும் இல்லை.

வணிகக் கட்டடங்களில் இது எப்படி முடிகிறது என்பதை தியாகராய நகர் ரங்கநாதன் தெரு காட்டியது. 2011 அக்டோபர் இறுதியில் சி.எம்.டி.ஏ.வும் மாநகராட்சியும் அங்கே பல கடைகளுக்கு சீல் வைத்தன. வேலை செய்தவர்கள் தெருவில் நின்றார்கள். உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் 2012 ஜனவரியில் கடைகள் திறந்தன. வணிகக் கட்டடத்துக்கு வீட்டைவிடக் கடுமையான விதிகள் ஏன் என்று கேட்பவர்களுக்கு அதே தி.நகரில் 2017 மே 31 அன்று பிடித்த தீ பதில் சொல்லும். பல மாடித் துணிக்கடை ஒன்று இரவு பகலாக எரிந்து, பாதி இடிந்து, கடைசியில் முழுவதும் இடிக்கப்பட்டது. கடை, ஹோட்டல், கல்யாண மண்டபம் போன்றவற்றுக்குள் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டடத்தின் படிக்கட்டு எங்கே என்றுகூடத் தெரியாது. அதனால்தான் அகலமான இடைவெளி, இரண்டாவது படிக்கட்டு, தீயணைப்புத் துறைச் சான்று, வாகன நிறுத்தம், சக்கர நாற்காலிச் சாய்தளம் என்று பட்டியல் நீள்கிறது. ஸ்டில்ட்டில், அதாவது தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த தரைத்தளத்தில், கார் நிறுத்த என்று அனுமதி வாங்கிவிட்டு ஷட்டர் போட்டுக் கடையாக்கும் வழக்கம், அங்கே நிற்க வேண்டிய வண்டிகளைத் தெருவுக்குத் தள்ளுகிறது. ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

அனுமதி என்பது உறுதிக்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். போரூர் அருகே மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 மாலை, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே சரிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த தொழிலாளர்கள் அவர்களில் அதிகம். அந்தக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது. பக்கத்திலேயே நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. அனுமதி தரும் அலுவலகம் இடைவெளியையும் உயரத்தையும் பயன்பாட்டையும் பார்க்கிறது. தூண் எத்தனை அங்குலம், கம்பி எத்தனை, மண் எவ்வளவு தாங்கும் என்பதற்குப் பொறுப்பு கட்டமைப்புப் பொறியாளருடையது. ஆகவே பெயருக்குக் கையெழுத்து வாங்கும் பழக்கம்தான் எல்லா விதிமீறலிலும் மோசமானது. மனையைப் பார்க்காமலே சீல் வைத்துக் கொடுக்கும் பொறியாளருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயில் மிச்சம் பிடிப்பதாக நினைக்கிறோம். வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரி சதுப்பும் களியும் நிறைந்த பகுதியில் இரண்டு மாடி வீடாக இருந்தாலும் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். விதி கேட்கிறதா என்று பார்க்க வேண்டாம்.

முடிவுச் சான்றும் வீடு வாங்குபவரும்

கட்டி முடித்த பிறகு வரைபடமும் கட்டடமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கொடுப்பது முடிவுச் சான்று. 2019 விதிகள் இதைக் கட்டாயமாக்கின. மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் இதோடு கட்டப்பட்டன. சின்ன வீடுகளுக்கு விலக்கு உண்டு. முதலில் 12 மீட்டர் உயரம், 3 குடியிருப்புகள், 750 சதுர மீட்டர் என்று இருந்த வரம்பு, 2024இல் 14 மீட்டர், 8 குடியிருப்புகள் என்று தளர்ந்தது. சிறிய வணிகக் கட்டடங்களுக்கும் பின்னர் இந்தச் சலுகை நீண்டது. மின் இணைப்புக்காக மாதக்கணக்கில் தற்காலிக மீட்டரில் காலம் தள்ளிய குடும்பங்களுக்கு இது தேவைப்பட்டதுதான். ஆனால் தாளையும் தரையையும் ஒப்பிடும் கடைசி வாய்ப்பும் அந்தக் கட்டடங்களுக்குப் போய்விட்டது. 8 வீடுள்ள அடுக்ககம் சின்னக் கட்டடம் இல்லை. அதில் முப்பது பேர் வாழ்கிறார்கள். இந்த அளவுக்கு விலக்கு தேவைதானா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் போகும் திசையோ நேர்மாறு. உத்தரப் பிரதேசத்து வழக்கொன்றில் 2024 டிசம்பர் 17 அன்று கொடுத்த தீர்ப்பில், அனுமதி பெற்ற வரைபடத்தைக் கட்டுமான இடத்திலேயே மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், முடிவுச் சான்றைப் பார்த்த பிறகே மின்சாரம், தண்ணீர் இணைப்பு தர வேண்டும், வங்கிகளும் அதைச் சரிபார்த்தே கட்டடத்தின்மேல் கடன் கொடுக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல் கொடுத்தது.

இதன் விளைவு கட்டுபவரைவிட வாங்குபவரைத்தான் அதிகம் தொடும். அடுக்ககத்தில் ஃப்ளாட் பார்க்கப் போகிறவர்கள் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பார்ப்பதற்கு முன்னால் பில்டரிடம் அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலைக் கேளுங்கள். கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். வரைபடத்தில் எத்தனை குடியிருப்பு என்று எழுதியிருக்கிறதோ, தளத்துக்குத் தளம் அத்தனை வாசற்கதவுகள்தான் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஆறு வீட்டுக்கு அனுமதி வாங்கி எட்டு வீடு விற்பது நடக்கிற காரியம். மொட்டைமாடியில் ‘ஹெட்ரூம்’ (மாடிப்படிக்கு மேல் போடும் கூரை) என்று வரைந்த இடத்தில் ஒரு அறையும் பாத்ரூமும் முளைத்திருக்கிறதா, கார் நிறுத்தமாகக் காட்டியது வாட்ச்மேன் வீடாகவோ கடையாகவோ மாறியிருக்கிறதா, பின்பக்கச் சந்தில் உங்களால் கையை நீட்டி நடக்க முடிகிறதா என்று பாருங்கள். உங்கள் ஃப்ளாட் வரைபடத்தில் இல்லாமல் கூடுதலாகக் கட்டிய அந்த இரண்டு வீடுகளில் ஒன்றாக இருந்தால், அதன் பிரிபடாத மனைப் பங்கும் வங்கிக் கடனும் நாளை மறுவிற்பனையும் எல்லாமே கேள்விக்குள்ளாகும். நகல் தர பில்டர் தயங்கினால், அட்வான்ஸ் கொடுப்பதை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.